உயிர்பெறும் ஓவியமும் உமறுப்புலவரின் மானும்

அசையும் ஓவியப் படங்களைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். 'அது பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படமன்றோ?' என்று பெரியோர் கேட்பர். 'அதில் இலக்கியத்திற்கு என்ன வேலை?' என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பர். இரண்டும் நியாயமான வினாக்களே. எனினும் உலகம் போற்றும் ஓவியப் படங்களை ஊன்றிப் பார்க்குந்தோறும் ஓர் எண்ணம் எனக்கு வலுப்பட்டு வருகிறது. அவற்றைப் படைத்தவர்கள் எதைக் காட்டுவது என்று அறிந்திருந்ததைக் காட்டிலும், எதைக் காட்டாமல் விடுவது என்று நன்கு அறிந்திருந்தார்கள். உள்ளுறை உவமமும் இறைச்சியும் பயிலும் தமிழ் மாணவனுக்கு இது புதிய பாடமன்று. ஆகவேதான் இக்கலை நம் துறையின் வாசலுக்கு வரவேண்டியது என்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கார்ட்டூன்' என்பதைக் 'கேலிச்சித்திரம்' என்று பெயர்த்ததால், சிரிக்க வைப்பது ஒன்றே இதன் தொழில் என்ற எண்ணம் நம்மிடையே படிந்துவிட்டது. பின்னர் வந்த 'அசைவூட்டம்' என்ற சொல் அசைவை மட்டுமே சுட்டுகிறது. வள்ளுவப் பெருந்தகையோ நாணுடைமை அதிகாரத்தில், அகத்தே நாணமில்லாதவரின் நடமாட்டத்துக்கு உவமை தேடும்போது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மருட்டுவதை எடுத்துக் காட்டினார். அவர் சொல்ல வந்தது வேறு. ஆனால் பாவைக்கலையின் இலக்கணம் அந்த 'மருட்டு'தலில் அடங்கிக் கிடக்கிறது. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த ஓவியர்களான ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் தம் கலையை விளக்கி 1981இல் எழுதிய பெருநூலுக்கு வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'உயிர் மயக்கம்' என்று வரும். இத்தனை நூற்றாண்டு இடைவெளியில் இரு சாராரும் ஒரே இடத்தில் வந்து நிற்பது வியப்புக்குரியதே.

இக்கலையின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கு பெரிது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவை மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போவது முறையாகாது. எமில் ரெய்னோ என்பவர் 1892இல் பாரிஸ் நகரத்துக் கிரெவின் காட்சியகத்தில் தாம் கையால் தீட்டிய படங்களை ஓடவிட்டுக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் பெற்றுச் சலனப்படம் காட்டியது அதற்கு 3 ஆண்டுகள் கழித்துத்தான். அதாவது, வரைந்த உருவம் வெள்ளைத் திரையில் முந்திக்கொண்டது. நிழற்படத்து மனிதன் பின்னால் வந்தான். 1908இல் எமில் கோல், கோட்டுருவங்களே ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கும் சிறுபடம் ஒன்றை அளித்தார். 1914இல் அமெரிக்காவின் வின்சர் மெக்கே ஒரு தொல்விலங்கை வரைந்து நடக்கவிட்டார். மறு ஆண்டே, 1915இல், நம் தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை ஆடவிட்டுப் படம் பிடித்தார். அப்படம் இன்று கிடைக்கவில்லை. ஓவியம் வரைய வசதியில்லாவிட்டால் தீக்குச்சி போதும் என்று அவர் கண்டது மட்டும் நமக்கு எஞ்சியிருக்கிறது. அது சிறிய செல்வமன்று.

ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் அம்மையாரிடம் சற்று நின்று பேசவேண்டும். 1923 முதல் 1926 வரை உழைத்து அவர் உருவாக்கிய 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்', இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள ஓவியப் படங்களில் காலத்தால் மூத்தது. கதை, ஆயிரத்தோரு இரவுகளிலிருந்து எடுத்தது. பறக்கும் குதிரையும் பரிபானுவும் அலாவுதீனும் அதில் வருகிறார்கள். அம்மையாரின் கருவி கத்தரிக்கோல். தாளில் உருவத்தைத் தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனியே வெட்டி, மெல்லிய கம்பியால் மூட்டுப் பிணைத்து, கீழிருந்து ஒளிபாயும் கண்ணாடிமேல் கிடத்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் மேலிருந்து ஒரு படம் எடுத்தார். நம் தென்மாவட்டங்களில் தோற்பாவைக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் அயலான காட்சியாகத் தோன்றாது.

அப்படத்தில் எவருக்கும் முகம் இல்லை. கரிய நிழலுருவமே உண்டு. கண்ணீரைக் காட்ட வழியில்லை. புன்னகையைக் காட்டவும் வழியில்லை. இளவரசன் தலை கவிழும் கோணத்திலும் நங்கையின் விரல் மடங்கும் நெளிவிலும் உள்ளத்தை வைத்தாக வேண்டும். பார்ப்பவர் தம் மனத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்து அந்தக் கருநிழலுக்குப் பொருத்திக்கொள்கிறார். அரபுக் கதையை ஒரு ஜெர்மானியப் பெண்மணி கையாண்டபோது அதில் ஏளனம் இல்லை. வியப்பும் மதிப்பும் இருந்தன. 1992இல் டிஸ்னி நிறுவனம் அதே அலாவுதீனை வண்ணங்கள் கொட்டி எடுத்தது. தொடக்கப் பாட்டிலேயே அரபு மண்ணைக் காதறுக்கும் கொடியவர் நாடாகப் பாடிய அடி ஒன்று இருந்தது. அமெரிக்க அரபு மக்களின் அமைப்பு கண்டித்த பின்னர், 1993இல் வீடியோவாக வெளிவந்தபோது அந்த அடி மாற்றப்பட்டது. கைத்திறனில் டிஸ்னி படம் குறைந்ததென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் நம் கதையை நாம் வரையாதபோது, வரைகின்றவர் விருப்பப்படி நாம் தோற்றமளிக்க நேர்கிறது. இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

டிஸ்னியை வைதுவிட்டுப் போய்விடவும் இயலாது. 1942இல் அந்நிறுவனம் அளித்த 'பாம்பி' என்னும் மான்குட்டியின் கதையை, இவ்வகைப் படங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்றென்றே மதிக்கிறேன். மானின் உடலசைவைக் கற்பதற்காக உயிருள்ள மான்குட்டிகளையே ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து வளர்த்தார்கள். காட்டுக் காட்சிகளுக்கு வழிகாட்டியவர் டைரஸ் வோங் என்னும் சீனத்தில் பிறந்த ஓவியர். ஒவ்வோர் இலையையும் வரைந்து காட்டை நிரப்பும் முறையை அவர் விடுத்து, பழஞ்சீன நிலக்காட்சி ஓவியங்களைப்போல் நாலு தூரிகைத் தீற்றலில் பனிமூட்டமும் மரமும் தோன்றச் செய்தார். மற்றவற்றை வெறுமையாக விட்டார். அந்த வெறுமையில்தான் காடு இருக்கிறது.

அப்படத்தில் தாய்மான் வேட்டைக்குப் பலியாகிறது. ஆனால் அது வீழ்வதை நாம் பார்ப்பதில்லை. வெடியோசை மட்டுமே கேட்கிறது. குட்டி திரும்பிப் பார்க்கிறது, பனி பெய்துகொண்டிருக்கிறது. சுட்டவன் யார்? படம் முழுவதும் அந்த வேட்டைக்காரனின் உருவம் ஒருமுறைகூடத் திரையில் வருவதில்லை. மனிதன் வருகிறான் என்னும் அச்சம் காட்டில் பரவுகிறது, மனிதன் வருவதில்லை. பெருந்திரைப் படங்களில் குருதி குடம்குடமாய்க் கொட்டியும் உண்டாகாத நடுக்கம், அந்த ஓர் ஓசையில் உண்டாகிவிடுகிறது.

'பாம்பி'யில் பணியாற்றிய ஓவியர்களுள் ஒருவரான கிளேர் வீக்ஸ், பின்னர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். நடுவண் அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1956இல் பம்பாயில் ஓவியப் படப்பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது, நம் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்க வந்தவர் அவர். அப்பிரிவு 1957இல் உருவாக்கிய படம் 'ஆலமர மான்'. அதுவும் மான் கதையே. புத்த சாதகக் கதைகளில் ஒன்று. அரசனின் விருந்துக்கு நாளொரு மான் தலைகொடுக்கும் முறை வகுக்கப்பட்டிருக்க, சூல்கொண்ட பிணைமானின் முறை வந்தபோது, மான்குலத் தலைவன் அதற்கு மாற்றாகத் தானே போய் வெட்டுமரத்தில் தலைவைத்துப் படுக்கிறான். உருவங்களை அஜந்தா ஓவியங்களின் சாயலில் அமைத்தார்கள். அமெரிக்கக் கைப்பயிற்சியை வாங்கிக்கொண்டு கோட்டை நம் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டது அறிவுடைமை. அந்தப் பிரிவில் அந்நாளில் சேர்ந்தவர்தான் இந்திய ஓவியப்படக் கலையின் முன்னோடி எனப் போற்றப்பட்ட ராம் மோகன். 2019இல் மறையும்வரை அவர் பெயரைச் சொல்லாமல் நம் நாட்டில் இக்கலையைப் பேச இயலாதிருந்தது. 1974இல் வெளிவந்து தூர்தர்ஷன் வழியே வீடுதோறும் சென்ற 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' இம்மரபில் வந்த மற்றொரு சிறுபடம். அதன் இந்திப் பாட்டுக்குப் பொருள் தெரியாத நம் பிள்ளைகளும், வலையோடு பறந்த பறவைகளைப் புரிந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டின் கணக்கு என்ன? 1989இல் ஏவி.எம். நிறுவனத்தின் 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினிகாந்தோடு வரைந்த விலங்குகள் ஆடிப் பாடின. பிள்ளைகள் மயங்கிப் பார்த்தார்கள், நாமும்தான் பார்த்தோம். 2000ஆம் ஆண்டில் சென்னைப் பென்டாமீடியா நிறுவனம் கணினி வழியே 'பாண்டவாஸ்' படத்தை ஆங்கிலத்தில் எடுத்துத் தேசிய விருது பெற்றது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தார் சிந்துபாத் கதையையும், நடிகர்களின் உடலசைவைப் பதிவுசெய்து உருவங்களுக்கு ஏற்றும் முறையில், முழுநீள ஆங்கிலப் படமாக்கினார்கள். ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிந்துபாத் தமிழர் வீட்டுப் பிள்ளை. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' அவரைத் திண்ணைதோறும் கொண்டு சேர்த்தது. தேநீர்க் கடையில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்களின் முதல் பாடநூல் அது. அந்தச் சிந்துபாத் சென்னையில் திரைக்கு வந்தபோது ஆங்கிலம் பேசினார்! 2007இல் 'இனிமே நாங்கதான்' தமிழிலேயே வந்தது, முயற்சியைப் பாராட்டவேண்டும். 2014இல் 'கோச்சடையான்' வந்தது. பெரும் பொருட்செலவும் பல நூறு பேரின் உழைப்பும் சேர்ந்த அப்படத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் எங்கே வழுக்கிற்று என்று கேட்கவேண்டும். உயிருள்ள ஒரு நடிகரின் முகத்தைத் தோலும் சுருக்கமும் மயிரும் மாறாமல் கணினியில் வார்த்துவிட முனைந்தார்கள். எல்லாவற்றையும் காட்டினார்கள். கண்ணில் மட்டும் உயிர் குறைந்தது. பார்ப்பவரின் மனம் அந்தக் குறை ஒன்றையே பற்றிக்கொண்டது. முகமே இல்லாத ரைனிகரின் நிழலுருவில் நாம் குறை காணவில்லை என்பதை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

செக் நாட்டுப் பாவைப்படக் கலைஞர் யிர்ஷி திரன்காவின் வழி இதற்கு நேர் எதிரானது. அவருடைய பாவைகளின் முகம் மாறுவதே இல்லை. ஒருமுறை தீட்டிய முகம் தீட்டியதுதான். ஒளி விழும் பக்கத்தை மாற்றுவார். காமிராவைச் சற்றுத் தாழ்த்துவார். அதே முகம் அழுவதுபோலவும் சினப்பதுபோலவும் தோன்றும். 1965இல் அவர் எடுத்த 'கை' என்னும் சிறுபடத்தின் தலைவன் ஓர் எளிய குயவன். தன் செடி ஒன்றுக்குத் தொட்டி வனைவதே அவன் விருப்பம். பெரிய கை ஒன்று கதவைத் திறந்து வந்து, தொட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய் என்று ஆணையிடுகிறது. அவன் மறுக்கிறான், கை விடுவதில்லை. அதிகாரம் என்ற சொல்லே படத்தில் இல்லை; ஆயினும் அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பொருள் விளங்கிற்று. 1969இல் திரன்கா இறந்தபின் அப்படம் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. உள்ளுறை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் காட்டமுடியுமா என்று தெரியவில்லை.

இனி, பெரியோர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டத்தை விளக்குவது என் வேலையன்று. அது உலமாக்களின் துறை. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவத்தைக் காட்டலாகாது என்பதில் நம்மிடையே இருவேறு கருத்து இல்லை. 2002இல் நாயகத்தின் வாழ்வைக் கூறும் ஓவியப் படம் ஒன்றை, முன்பு டிஸ்னியில் பணிபுரிந்த ரிச்சர்ட் ரிச் இயக்கினார். அதில் நாயகத்தின் உருவம் வரவில்லை. காமிராவே அவர்களின் பார்வையாக நின்றது. எதிரே நிற்போரின் முகங்களிலிருந்து நாம் உணர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுப்பாடு படத்தின் கையைக் கட்டிப்போட்டதாக நான் கருதவில்லை. 'பாம்பி'யின் ஓவியர்கள் கலையின் பொருட்டுத் தாமாக மேற்கொண்ட ஒழுங்கு, இங்கே மரியாதையின் பொருட்டு வந்தது. மறைத்தவர் நோக்கம் வேறு வேறு. மறைத்தலின் ஆற்றல் இரண்டிடத்தும் ஒன்றே.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நம் மாணவர்கள் பாடமாகப் படித்ததுதான். வேடனிடம் அகப்பட்ட பிணைமான் ஒன்று, பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாக நாயகத்திடம் முறையிடுகிறது. நாயகம் வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் போகிறது, சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான். பெண்மானுக்கும் பிணை என்று பெயர். பொறுப்பேற்று நிற்றலுக்கும் பிணை என்று பெயர். தமிழ் செய்த இந்தச் சிலேடையை வேறு மொழிக்கு எப்படிக் கொண்டுபோவது? 'ஆலமர மா'னிலும் ஒரு பிணைமானுக்காக மற்றொருவர் முன்வந்து நிற்பதை ஒப்பிட்டால், அறம் மதம் கடந்து கைகோத்திருப்பது புலப்படும். பேசும் மானைக் காமிராவால் காட்டில் தேடிப் பிடிக்க இயலாது. ஓவியமும் பாவையும்தான் அதைத் தரமுடியும். இப்படலத்தை மானின் பக்கம் நின்று காட்டினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கட்டுண்ட மான், வேடனின் கால்கள், தொலைவில் கன்று. நாயகத்தின் வருகை, மானின் செவி நிமிர்வதிலும் அதன் மூச்சு அடங்குவதிலும் மட்டுமே தெரியவேண்டும். அதுவும் உலமாக்களைக் கலந்து அவர்கள் ஒப்பிய பிறகே. அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட்டு வேறு மானைத் தேடிப் போகலாம். தமிழில் மானுக்கா பஞ்சம்? சுனையில் நீர் போதாதென்று கண்டு, பிணை பருகட்டும் என்று கலைமான் பருகுவதுபோல் பாவனை செய்யும் காட்சி ஐந்திணை ஐம்பதில் இருக்கிறது. வாய் நீரில் பட்டும் தொண்டை அசையாதிருக்கவேண்டும். ஓவியப்படக் கலைஞன் ஒருவனின் திறமையை அளக்க அதுபோன்ற தேர்வு கிடையாது.

இவையெல்லாம் பம்பாய்க்கும் சென்னைக்கும் உரிய பேச்சு, மதகடிப்பட்டுப் பக்கத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். செவ்வாய்ச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர்களின் பிள்ளைகள் தோளில் மாட்டியிருக்கும் பைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஐதராபாத்தில் 2008இல் பிறந்த 'சோட்டா பீம்' அங்கே இருக்கிறான்; தென் அமெரிக்கச் சாயலுள்ள டோரா தமிழில் பேசிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். வரட்டும், விருந்தினரை வெறுப்பது நம் வழக்கமன்று. ஆனால் விருந்தினர் மட்டுமே நிறைந்த வீட்டில் வீட்டுக்காரர் எங்கே என்று ஒரு குழந்தை கேட்டால், நாம் சொல்லும் விடை என்ன?

பொருள் நம்மிடம் இல்லாமலில்லை. கிழக்கே வில்லியனூரில் சுடுமண் கைவினை. வடக்கே திருக்கனூரில் காகிதக்கூழ்ப் பொம்மைக் கைவினை. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. திரன்கா தேடிய கைகள் நம் கொம்யூன்களிலேயே இருக்கின்றன. அவை செய்த பொம்மைகள் கொலுவிலும் கண்ணாடிப் பேழையிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. இவ்வட்டாரத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் கணினி அறிவு இருக்கிறது. தமிழ்த்துறை மாணவனிடம் கதை இருக்கிறது. இம்மூவரும் ஒரே பேருந்தில்தான் போய்வருகிறார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நம் தமிழ்த்துறை இவர்களை ஓர் அறையில் உட்கார வைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். கவியரங்கத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் நாள்களில் சிலவற்றை இதற்குக் கொடுத்தால் குறைந்துவிட மாட்டோம்.

செலவைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே நிலையை இரண்டு படங்களுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டாதலால் நொடிக்கு 12 நிலைகள் போதும். ஒரு நிமிடத்துக்கு 720. கைப்பேசி ஒன்றை நாற்காலியில் அசையாமல் கட்டிவைத்தாலே 720 படங்களையும் எடுத்துவிடலாம். சன்னலை அடைத்துவிட்டு ஒரே விளக்கில் எடுக்கவேண்டும். வெயில் மாறினால் படம் மினுக்கும். வில்லியனூர்க் களிமண் உலர உலர வெடிக்குமாதலால் மானின் உடலுக்கு அது ஆகாது. நிலத்துக்கும் பாறைக்கும் வைத்துக்கொள்ளலாம். உடலுக்குள் கட்டுக்கம்பியால் எலும்பு வைத்துத் துணி சுற்றி, தலையைத் திருக்கனூர்க் காகிதக்கூழில் செய்தால் எடை குறையும், கழுத்து தொங்காது. நாலு கால் விலங்கை நடக்கவைப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். ஆகவே முதல் முயற்சிக்குக் கட்டுண்டு கிடக்கும் மானை எடுத்துக்கொள்வதே நல்லது. அதற்கு நடக்கும் வேலையில்லை. செவி, இமை, கழுத்து மூன்றும் அசைந்தால் போதும். மூன்று மாணவர்கள் முறைவைத்து இருந்தால், அடுத்த பருவத் தேர்வுக்கு முன் அந்த ஒரு நிமிடத்தை எடுத்து முடித்துவிடலாம்.